கனிவின் ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியார்



புனிதர்களை நாம் பல காரணங்களுக்காக நினைவுகூருகிறோம். குருதி சிந்திச் சாட்சி பகர்ந்தவர்கள் உண்டு. பாலைநிலத்தில் தவம் இருந்தவர்கள் உண்டு. தொழுநோயாளரின் புண்களைக் கழுவியவர்கள் உண்டு. ஆனால், எல்லாரிடமும் மரியாதையாகவும் கனிவாகவும் பழகியவர் என்று முதலில் சொல்லி, அதன் பிறகே மற்றச் சிறப்புகளைச் சொல்லும்படி ஒரு புனிதர் இருக்கிறார். அவர்தான் சனவரி 24ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் புனித பிரான்சிஸ் சலேசியார். ஆயர், மறைவல்லுநர், எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலர் என்று அவருக்குப் பல பெருமைகள் உண்டு. இருந்தும் நானூறு ஆண்டுகளாக மக்கள் மனதில் நிற்பது அவர் மனிதரோடு பழகிய விதம்.

மரியாதை அப்படி என்ன பெரிய புண்ணியம் என்று கேட்கத் தோன்றலாம். மிகவும் மரியாதையாகப் பேசுகிறவரைக் கண்டால் நமக்கு ஒரு சந்தேகமும் எழுகிறது. உள்ளே வேறு நினைத்துக்கொண்டு வெளியே நடிக்கிறாரோ என்று பார்க்கிறோம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவர்தான் நேர்மையானவர் என்பது நம்மில் பலருடைய எண்ணம். பங்குப் பேரவைக் கூட்டத்தில் நாலு பேர் மனம் நோகப் பேசிவிட்டு, நமக்கு ஒளித்துப் பேசத் தெரியாது என்று பெருமைப்பட்டுக்கொள்கிறவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? மரியாதை அன்பின் பகுதியா, அல்லது அன்பு இல்லாத இடத்தை மூடும் திரையா? சலேசியார் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர். அதற்கு எழுத்திலும் பதில் சொன்னார், வாழ்ந்தும் பதில் சொன்னார்.

1567 ஆகஸ்ட் 21 அன்று, ஆல்ப்ஸ் மலைச் சாரலில், அப்போது தனி ஆட்சியாக இருந்த சவோய் நாட்டில் அவர் பிறந்தார். இன்று அந்தப் பகுதி பிரான்சு நாட்டில் இருக்கிறது. பிரபு குடும்பத்தின் மூத்த மகன். தந்தைக்கு மகன் பெரிய வழக்கறிஞராக வரவேண்டும், நல்ல இடத்தில் திருமணம் செய்ய வேண்டும் என்ற ஆசை. எனவே பாரீஸ் நகருக்கு அனுப்பி இயேசு சபையாரின் கல்லூரியில் சேர்த்தார். கூடவே குதிரையேற்றம், வாள்வீச்சு, நடனம் ஆகியவற்றையும் கற்க வேண்டும் என்று கட்டளையிட்டார். யாருக்கு எவ்வளவு குனிந்து வணங்குவது, யார் முன் தொப்பியைக் கழற்றுவது, விருந்தில் எப்படி அமர்வது என்பதெல்லாம் அன்றைய பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடம். ஆகவே வெளி நாகரிகம் பிரான்சிசுக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. ஆனால் அதே பயிற்சி பெற்ற நூற்றுக்கணக்கான பிரபுக்கள் பாரீஸில் இருந்தார்கள். அவர்களில் யாரையும் நாம் இன்று கனிவுக்காக நினைப்பதில்லை.

பாரீஸில் அவருக்கு ஏறத்தாழ 19 வயது இருக்கும்போது ஒரு பெரிய சோதனை வந்தது. இன்னார் மீட்புப் பெறுவர், இன்னார் அழிவர் என்று கடவுள் முன்கூட்டியே குறித்துவிட்டார் என்ற விவாதம் அன்று எங்கும் பேசப்பட்டது. தாம் தள்ளப்பட்டவர்களின் பட்டியலில்தான் இருக்கிறோம் என்ற அச்சம் அந்த இளைஞனைப் பிடித்துக்கொண்டது. உறக்கம் போயிற்று, உணவு போயிற்று, உடல் மெலிந்தது. இறுதியில் ஒரு நாள் ஓர் ஆலயத்தில் அன்னை மரியாவின் திருவுருவத்தின் முன் மண்டியிட்டு, மறுவாழ்வில் என்ன ஆனாலும் இம்மையில் இறைவனை அன்பு செய்வேன் என்று தம்மைக் கையளித்தார். அந்தக் கணத்திலேயே பாரம் இறங்கியது. தள்ளப்பட்டவன் என்ற உணர்வு எப்படி இருக்கும் என்பதைச் சில வாரங்களாவது அனுபவித்த ஒருவர், பிறகு எந்த மனிதரையும் தள்ளிவைத்துப் பேசவில்லை. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நாம் நினைக்கிறோம்.

பதுவைப் பல்கலைக்கழகத்தில் 1591இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். தந்தை பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார். மகனோ குருவாக வேண்டும் என்று நின்றார். பெற்றவரை எதிர்த்துக் கூச்சலிடவும் இல்லை, தம் முடிவை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பொறுத்திருந்து தந்தையின் சம்மதம் பெற்றே 1593 டிசம்பர் 18 அன்று குருத்துவ அருள்பொழிவு பெற்றார்.

அவரது மறைமாவட்டத்தின் பெயர் ஜெனீவா. ஆனால் ஜெனீவா நகரம் கால்வின் சபையின் தலைநகரமாக மாறியிருந்ததால், ஆயர் அங்கே காலடி வைக்க முடியாமல் அன்னசி என்ற சிற்றூரில் தங்கியிருந்தார். ஜெனீவா ஏரியின் தென்கரையில் உள்ள ஷாப்ளே பகுதியை 1536இல் பெர்ன் நகரத்தார் கைப்பற்றியதிலிருந்து அங்கும் கத்தோலிக்க வழிபாடு மறைந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அப்பகுதிக்கு யாரேனும் குரு போக வேண்டும் என்றபோது, இளம் குரு பிரான்சிஸ் முன்வந்தார். இழந்த ஜெனீவாவை அன்பினால்தான் மீட்க வேண்டும், ஆயுதத்தால் அல்ல என்று தமது தொடக்க உரையிலேயே அன்னசி குருக்களிடம் அவர் பேசியிருந்தார். தந்தை தடுத்தார். உதவிக்குப் பணமும் தரவில்லை. 1594 செப்டம்பரில் தம் உறவினரான லூயி என்ற குருவோடு அவர் நடந்தே போய்ச் சேர்ந்தார்.

ஷாப்ளேயின் முக்கிய ஊர் தோனோன். அங்கே தங்குவது ஆபத்து என்பதால், அருகில் இருந்த அலாஞ்ச் கோட்டையில் தங்கி, நாள்தோறும் தோனோனுக்கு நடந்துபோய் இரவில் திரும்பினார். மழை, பனி, ஓநாய் பயம் எல்லாம் உண்டு. அவரைக் கொல்ல முயற்சிகளும் நடந்தன. இவற்றைவிடக் கடினமானது வேறொன்று. யாரும் அவர் பேச்சைக் கேட்க வரவில்லை. மறையுரைக்குப் போகக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் மக்களைத் தடுத்திருந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு முன்னால் மாதக்கணக்கில் மறையுரை ஆற்றினார்.

அப்போது அவர் ஒரு வழி கண்டார். தம் கருத்துகளைத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளுக்குக் கீழே செருகினார். பொது இடங்களில் ஒட்டச் செய்தார். அந்தத் தாள்களை இன்று படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, அவர் ஊர் மக்களை அழைக்கும் முறை. தோனோன் நகரப் பெருமக்களே என்ற தோரணையில்தான் பேசுகிறார். அவர்களோ அவரை வேடதாரி, மந்திரவாதி, பொய்ப் போதகன் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து மத விவாத நூல்கள் பன்றி, நாய், சாத்தானின் பிள்ளை என்ற சொற்கள் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. கத்தோலிக்கரும் அப்படி எழுதினார்கள், பிறரும் அப்படி எழுதினார்கள். பிரான்சிஸ் கொள்கையில் எதையும் தளர்த்தவில்லை. எதிர்க்கருத்தை வரிக்கு வரி மறுக்கிறார், சில இடங்களில் கூர்மையாகவே மறுக்கிறார். ஆனால் கதவின் மறுபக்கம் இருப்பவர் அறிவும் மானமும் உள்ள மனிதர் என்பதை மறக்காமல் மறுக்கிறார். கதவுக்குக் கீழே செருகப்பட்ட அந்தத் தாள்களை நினைத்தே 1923இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

1597இல் இதைவிடத் துணிச்சலான காரியம் ஒன்றும் செய்தார். கால்வினுக்குப் பின் ஜெனீவா சபைக்குத் தலைமை தாங்கிய தியோடர் பேசா அப்போது முதிர்ந்த வயதில் இருந்தார். திருத்தந்தை 8ஆம் கிளமென்ட்டின் விருப்பப்படி, பிரான்சிஸ் ஜெனீவாவுக்குள் சென்று பேசாவின் வீட்டிலேயே அவரைப் பலமுறை சந்தித்தார். இருவரும் நீண்ட நேரம் மீட்பைப் பற்றியும் நற்செயல்களைப் பற்றியும் உரையாடினார்கள். ஒரு கட்டத்தில் பேசா சற்றுக் கோபப்பட்டார் என்றும், உடனே அதற்காக வருந்தினார் என்றும் கூறப்படுகிறது. பேசா கத்தோலிக்கராக மாறவில்லை. எனவே அந்த முயற்சி தோல்வி என்று சொல்லலாம். ஆனால் ஐரோப்பா முழுவதும் இவ்விரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த நாள்களில், இருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசி, பகை இன்றிப் பிரிந்தார்கள்.

இங்கே ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. ஷாப்ளே பகுதி பெரும்பாலும் கத்தோலிக்கத்துக்குத் திரும்பியதற்குக் கனிவு மட்டுமே காரணம் அல்ல. 1598இல் சவோயின் கோமகன் சார்லஸ் இம்மானுவேல் தோனோனுக்கு நேரில் வந்தார். அரசின் சலுகையும் அரசின் மிரட்டலும் சேர்ந்து வேலை செய்தன. மறுத்தவர்கள் சிலர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. மறுதரப்புப் போதகர்களை அகற்றுமாறு பிரான்சிசும் கோமகனைக் கேட்டுக்கொண்டவர்தான். ஓர் ஆட்சியில் ஒரே சமயம் என்பது அந்தக் காலத்து அரசியல். இன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனையில் வளர்ந்த நமக்கு அது உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். புனிதரும் தம் காலத்து மனிதரே. இருந்தாலும் அந்த நான்கு ஆண்டுகளில் ஊர் மக்கள் நினைவில் வைத்தது கோமகனின் படையை அல்ல, பனியில் நடந்து வந்த குருவை.

1602 டிசம்பர் 8 அன்று அவர் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். மறைமாவட்டமோ ஏழை மறைமாவட்டம், மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடந்தது. பங்குகளைக் குதிரையிலும் கால்நடையாகவும் சந்தித்தார். குழந்தைகளுக்குத் தாமே மறைக்கல்வி கற்பித்தார். பிரான்சு அரசர் 4ஆம் ஹென்றி அவரைப் பாரீஸில் இருத்திக்கொள்ள விரும்பினார். பின்னாளில் பாரீஸ் ஆயரின் துணை ஆயராக வரும்படியும் அழைப்பு வந்தது. இரண்டையும் மறுத்தார். மறுத்தும் எவருடைய நட்பையும் இழக்கவில்லை. சரி என்று சொல்லும்போது எல்லாரும் இனிமையாகத்தான் இருப்போம். மாட்டேன் என்று சொல்ல வேண்டிய நேரத்தில்தான் ஒருவரது இங்கிதம் தெரிகிறது.

இவ்வளவு சாந்தமானவர் பிறவியிலேயே அப்படித்தான் என்று நினைத்தால் தவறு. அவருக்கு இயல்பாகவே கோபம் உண்டு. சட்டென்று இரத்தம் கொதிக்கும் குணம். இதை அவரே மறைத்ததில்லை. ஒருமுறை ஒரு பிரபு ஆயர் இல்லத்துக்கே வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆயர் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. அந்த மனிதர் போன பிறகு, எப்படி உங்களால் சும்மா இருக்க முடிந்தது என்று அருகில் இருந்தவர்கள் கேட்டார்கள். மனம் கொதிக்கும் வரை வாய் திறப்பதில்லை என்று தமது நாவோடு ஓர் ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொன்னாராம். மேலும், 22 ஆண்டுகளாகத் துளித் துளியாகச் சேர்த்த சிறிதளவு சாந்தத்தைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிடப் பயமாக இருந்தது என்றும் விளக்கினாராம். அவரை நெருங்கி அறிந்தவர்கள் சொல்லிச் சென்ற செய்தி இது.

22 ஆண்டுகள் என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒவ்வொரு முறையும் அதே கோபத்தையே சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சோர்ந்துபோகும் நமக்கு, இந்த எண்ணிக்கை ஆறுதல் தருகிறது. அவர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள் பித்தப்பையில் கற்களைக் கண்டார்கள். பித்தமே கோபத்தின் இருப்பிடம் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. அடக்கி அடக்கிக் கோபமே கல்லாகிவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். இன்றைய மருத்துவம் அதை ஏற்காது. ஆனால் அந்தச் சாந்தத்துக்கு அவர் கொடுத்த விலையை மக்கள் உணர்ந்திருந்தார்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

தம் உறவினர் ஒருவரின் மனைவியான சீமாட்டி ஷார்முவாசிக்கு ஆன்மீக ஆலோசனையாக எழுதித் தந்த குறிப்புகளைத் தொகுத்து, 1609இல் ‘பக்தி வாழ்வுக்கு முன்னுரை’ என்ற நூலை வெளியிட்டார். துறவு மடத்துக்குப் போகாமல், வீட்டிலும் கடையிலும் அரண்மனையிலும் இருந்தபடியே புனிதராகலாம் என்று சொன்ன நூல் அது. வெளிவந்த காலத்திலேயே பல பதிப்புகள் கண்டது. அதில் செபம், நற்கருணை பற்றியெல்லாம் சொன்ன பிறகு, மூன்றாம் பகுதியில் உடை உடுத்துவது, பேசுவது, கேலி செய்வது, விளையாடுவது, நட்புக் கொள்வது ஆகியவற்றுக்கு ஒவ்வோர் அதிகாரம் ஒதுக்கினார். இவையெல்லாம் ஆன்மீகமா என்று சிலர் முகம் சுளித்திருக்கலாம். குறிப்பாக நடனத்தை முழுமையாகத் தடை செய்யாததற்காக அவர் கண்டனமும் பெற்றார்.

சாந்தத்தைப் பற்றிய அதிகாரத்தில், தெருவில் வானதூதராகவும் வீட்டுக்குள் அலகையாகவும் இருக்கிறவர்களை அவர் கடிந்துகொள்கிறார். அறிமுகம் இல்லாதவரிடம் காட்டும் மரியாதையை மனைவியிடமும் பணியாளரிடமும் காட்டாவிட்டால் அது எதற்கு என்பது அவர் கேள்வி. அடுத்த அதிகாரத்தில் ஒரு படி மேலே போய், நம்மிடம் நாமே கனிவாக இருக்க வேண்டும் என்கிறார். தவறி விழுந்த தன்னையே கன்னாபின்னாவென்று திட்டிக்கொள்பவர், நாளை பிறர் விழும்போதும் அதே குரலில்தான் திட்டுவார் என்பது அவர் கண்டறிந்த உண்மை.

ஆனால் நம் கேள்விக்கு நேரான பதில் தாழ்ச்சியைப் பற்றிய அதிகாரத்தில் இருக்கிறது. மனதில் தாழ்ச்சி இல்லாமல் வாயால் மட்டும் நான் ஒன்றுமில்லாதவன் என்று சொல்வதை அவர் வெறுத்தார். கடைசி இடத்தில் உட்காருவதுபோல் காட்டி, முதல் இடத்துக்கு யாராவது இழுத்துக்கொண்டு போவார்களா என்று காத்திருக்கும் தாழ்ச்சியும் அவருக்கு ஆகாது. ஆயினும் அங்கேயே ஒரு விலக்குச் சொல்கிறார். எதிரில் இருப்பவர் கண்டிப்பாக ஏற்கமாட்டார் என்று தெரிந்தும், முதலில் நீங்கள் போங்கள், இந்த இடத்தில் நீங்கள் அமருங்கள் என்று சொல்கிறோமே, அது பொய்யா? பொய் அல்ல என்கிறார் சலேசியார். முழு மரியாதையையும் கொடுக்க நம்மால் இயலாதபோது அதன் தொடக்கத்தையாவது கொடுக்கிறோம். தொடக்கத்தைக் கொடுப்பது குற்றமாகாது என்பது அவர் விளக்கம். மதிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் உள்ளே உண்மையாக இருக்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. நாம் சாப்பிடும் நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றால், வாங்க சாப்பிடலாம் என்கிறோம். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று அவரும் சொல்வார். பானையில் சோறு இருக்கிறதா என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. என் உணவில் உனக்குப் பங்கு உண்டு என்ற எண்ணத்தின் முதல் அடியைத்தான் அந்த அழைப்பில் எடுத்து வைக்கிறோம். அந்த அழைப்பையும் விட்டுவிட்டால், பகிர்வதற்கான தொடக்கமே நம்மிடம் இல்லாமல் போகும்.

இந்தத் தொடக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு பெண்ணின் வாழ்வில் பார்க்கிறோம். 1604 தவக்காலத்தில் டிஜோன் நகரில் மறையுரை ஆற்றச் சென்றபோது, ஷாந்தால் என்ற பிரபு குடும்பத்தின் விதவை ஜேன் பிரான்சிஸைச் சலேசியார் சந்தித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் வேட்டையின்போது நண்பர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பட்டு இறந்திருந்தார். கணவர் சாகுமுன் நண்பரை மன்னித்துவிட்டார். நான்கு குழந்தைகளோடு நின்ற மனைவியால் அது முடியவில்லை. அந்த மனிதரின் பெயரைக் கேட்டாலே உடல் நடுங்கும். அவரைச் சந்திக்க வேண்டிய சூழ்நிலை வந்தபோது, என்ன செய்வது என்று தம் ஆன்ம குருவுக்கு எழுதிக் கேட்டார்.

சலேசியாரின் ஆலோசனை நம்மை வியக்க வைக்கிறது. நீங்களாகத் தேடிப் போக வேண்டியதில்லை என்கிறார். உள்ளம் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. கொதிக்கத்தான் செய்யும், அது இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அவர் வந்தால், கனிவோடும் இரக்கத்தோடும் வரவேற்க வேண்டும் என்கிறார். அதாவது, முழு மன்னிப்பை உடனே கொடுக்க முடியாத ஒருவரிடம், மன்னிப்பின் தொடக்கத்தையாவது கொடுக்கச் சொல்கிறார். அந்தப் பெண் அப்படியே செய்தார். முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்திருப்பார். அதை நடிப்பு என்று யார் சொல்ல முடியும்? பின்னர் அதே மனிதரின் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்கும் அளவுக்கு அந்தத் தொடக்கம் வளர்ந்தது. அவரைத்தான் புனித ஜேன் பிரான்சிஸ் ஷாந்தால் என்று நாம் போற்றுகிறோம்.

1610 சூன் 6 அன்று இருவரும் சேர்ந்து அன்னசியில் ஒரு பெண் துறவு சபையைத் தொடங்கினார்கள். கடுந்தவம் செய்ய உடல்வலிமை இல்லாதவர்களையும், கைம்பெண்களையும், முதியவர்களையும் சேர்த்துக்கொண்ட சபை. அதற்கு அவர் தேர்ந்த பெயர், அன்னை மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயர். ஒருவர் வீடு தேடிப் போவது, வாழ்த்துச் சொல்வது, உதவிக்குத் தங்குவது ஆகியவை அன்றாடம் எல்லாரும் செய்கிற காரியங்கள். அங்கேதான் தூய ஆவியார் இறங்கி வந்தார்.

வாய்பேசாத, காதுகேளாத இளைஞர் ஒருவரும் அவருடைய இல்லத்தில் இருந்தார். பெயர் மார்ட்டின். அவருக்கு மறைக்கல்வி கற்பிக்க முடியாது என்பதே அக்காலத்தின் பொதுவான எண்ணம். ஆயரோ அவரைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டு, சைகைகளை அவரிடமிருந்தே கற்று, சைகையாலேயே மறையுண்மைகளை விளக்கி, புதுநன்மைக்குத் தயாரித்தார். ஐரோப்பாவின் அரசர்களோடு அழகிய பிரெஞ்சு மொழியில் உரையாடிய மனிதர், வீட்டுக்கு வந்தால் ஒரு பணியாளரின் மொழியைப் பயிலும் மாணவர். காதுகேளாதோர் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டிருப்பது இதனால்தான்.

இவ்வளவும் பிறர் பார்க்கும்போது மட்டும்தானோ? இந்தச் சந்தேகம் நமக்கு முன்பே ஒருவருக்கு வந்துவிட்டது. பெல்லே மறைமாவட்டத்தின் இளம் ஆயர் காமு, சலேசியாரின் நெருங்கிய நண்பர். சலேசியாரிடமிருந்தே ஆயர் திருப்பொழிவு பெற்றவர். நண்பர் தம் இல்லத்துக்கு விருந்தினராக வந்தபோது, அறையின் மறைப்பில் துளை போட்டு, கதவை அடைத்துக்கொண்ட பிறகு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று காமு ஒளிந்திருந்து பார்த்தார்! விருந்தினர் அறையை வேவு பார்ப்பது மரியாதையைப் பற்றிய கட்டுரையில் பாராட்டத் தக்க செயல் அல்ல. ஆனால் அதைத் தாமே எழுதி வைத்த காமுவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர் கண்டது, அரசவையில் நின்ற அதே அடக்கத்தோடு தனியறையில் இருந்த மனிதரை. யாரும் பார்க்காத இடத்தில் அவர் யாருக்கு மரியாதை செய்தார் என்பதைக் காமு புரிந்துகொண்டார். நாமும் புரிந்துகொள்ளலாம்.

1618-19இல் பாரீஸ் வந்தபோது அவரோடு பழகியவர்களில் புனித வின்சென்ட் தே பவுலும் ஒருவர். வின்சென்ட் தம்மைக் கடுமையான, சிடுசிடுப்பான சுபாவம் உடையவர் என்று உணர்ந்திருந்தவர். சலேசியாரே இவ்வளவு நல்லவரென்றால், கடவுள் எவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, தூரின் நகரின் முரட்டுச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்ட புனித தொன் போஸ்கோ, 1841இல் குருவானபோது சலேசியாரின் அன்பும் சாந்தமும் தம்மை வழிநடத்த வேண்டும் என்று தீர்மானம் எழுதினார். பிரம்பு இல்லாத பள்ளியை நடத்த விரும்பியவர் தம் சபைக்கு இவருடைய பெயரையே சூட்டினார். அந்தச் சலேசிய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2023ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியில் சலேசியாரை நமக்கு மீண்டும் நினைவூட்டினார். இதயத்திலிருந்து பேசுவது என்பதே அந்தச் செய்தியின் கருப்பொருள். தாளைக் கதவுக்குக் கீழே செருகிய காலம் போய், கைப்பேசியில் ஒரு நொடியில் ஒருவரை ஆயிரம் பேர் முன்னால் அவமானப்படுத்திவிடுகிற காலம் இது. பங்கின் வாட்ஸ்அப் குழுவிலும்கூடச் சில நேரம் நடக்கிறது.

1622ஆம் ஆண்டின் இறுதியில் சவோய் கோமகனோடு அவர் பிரான்சுக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. உடல் தளர்ந்திருந்தது. லியோன் நகரில் அவரைத் தங்கவைக்கப் பெரிய மாளிகைகள் போட்டியிட்டன. அவரோ தம் சபைச் சகோதரிகளின் மடத்தில், தோட்டக்காரர் குடியிருந்த சிறு வீட்டில் ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே என்றால் சகோதரிகளுக்கும் தொந்தரவு இல்லை, ஏழைகளும் தயங்காமல் வந்து பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். கடுங்குளிரில் புகைபோக்கி சரியில்லாத அறை அது. கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலிகளை நிறைவேற்றினார். டிசம்பர் 27 அன்றும் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, வந்தவர்களையெல்லாம் நின்று பேசி அனுப்பினார். பிற்பகலில் பக்கவாதம் தாக்கியது. அன்றைய மருத்துவ முறைப்படி பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தலையில் சூடு வைத்தார்கள். கண்ணீர் வழிந்ததே தவிர, மருத்துவர்களைக் கடிந்து ஒரு சொல் வரவில்லை.

மறுநாள், மாசில்லாக் குழந்தைகள் விழா அன்று இரவு, சுற்றி நின்றவர்கள் இறப்போருக்கான மன்றாட்டுமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. வயது 55. தங்கள் ஊரிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று லியோன் மக்கள் விரும்பினார்கள். ஆனால் அன்னசி மக்கள் தங்கள் ஆயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். 1623 சனவரி 24 அன்று அவர் உடல் அங்கே அடக்கம் செய்யப்பட்டது.